துரைசானி நீட்டிய கால்

இங்கிலாந்துப் பிரபுக்களைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு நாடகம் போடப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது, என் கணவர் தோசையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “டெக்சஸ்ல இருக்கற தமிழாளுங்களுக்கு எதுக்கும்மா இங்கிலாந்து பிரபு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் என்னிடம் நியாயமான கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “ஏன், வருஷா வருஷம் அதே பொண்ணு பாக்கற காமெடி, அதே கிரீன் கார்டு காமெடி, அதே ஆளு மீசையோட புடவை கட்டிட்டு வர்றது! உங்களுக்கெல்லாம் அலுக்கவே அலுக்காதா?” என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் இன்னொரு தோசை கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் குடியிருந்தோம். அவருக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. கோயம்புத்தூரில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துக் கல்லூரி நாடகங்களில் கத்தி வீசியவள், இங்கே பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு மத்தியானங்களில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சானலில் பழைய பிரிட்டிஷ் சீரியல்களாகப் போடுவார்கள். பெரிய மாளிகை. பிரபுவுக்குச் சட்டை மாட்டிவிட ஓர் ஆள். அந்த ஆள் வேறு மேசையில்தான் சாப்பிடுவார், ஏனென்றால் சமையற்காரி அவரைவிட ஒரு படி கீழே. சமையற்காரிக்குக் கீழே பாத்திரம் தேய்க்கும் பெண். அவள் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அடப்பாவிகளா! நம்மை இத்தனை காலம் ஆட்டிவைத்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இந்த லட்சணமா! எனக்கு வயிறும் எரிந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பாட்டு வரும்.

கும்மி மெட்டில் முதல் பாட்டை ஒரே மத்தியானத்தில் எழுதினேன்.

கோட்டுக்கு ஓர்ஆள், பூட்டுக்கு ஓர்ஆள்,
கொட்டாவி வந்தால் மூடஓர் ஆள் – எங்கள்
பாட்டன்முப் பாட்டனும் உட்கார்ந்த நாற்காலி
பார்த்துத் துடைத்திட நாலுபேரு!

இதைத் தொப்பி வைத்த துரைமார்களும் கவுன் போட்ட துரைசானிகளும் வட்டமாக நின்று கும்மியடித்துப் பாட வேண்டும். நினைத்தபோதே எனக்குக் கைகால் நிற்கவில்லை. சமையலறையில் நானே ஒரு சுற்று அடித்துப் பார்த்தேன். தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் அரை மணி நேரம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

நாடகத்தின் உயிர் பட்லர்தான். மாளிகையில் மூளை உள்ள ஒரே ஆள் அவன். வாயைத் திறக்காமல், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், செய்யச் சொன்னதையெல்லாம் தப்புத் தப்பாகச் செய்து பிரபுக்களைக் கோமாளிகளாக்குவான். கடைசிக்கு முந்தைய காட்சியில் துரைசானி காலை நீட்டுவாள். பட்லர் மண்டியிட்டு அவளுக்கு பூட்ஸ் மாட்டிவிட வேண்டும். அவன் இடது பூட்ஸை வலது காலில் மாட்டிவிட்டுப் பாடுவான்:

இடக்கால் பூட்ஸை வலக்காலில் மாட்டினால்
என்ன குறைந்திடும் துரைசானி? – நீங்கள்
வடக்கே நடந்தால் நாய்களும் பிரபுக்களும்
வாலாட்டி வடக்கே வாராரோ!

துரைசானி நொண்டிக்கொண்டே நடப்பாள். பிரபுக்கள் எல்லோரும் அதுதான் புது ஃபேஷன் என்று நினைத்து அவள் பின்னால் நொண்டுவார்கள். துரைசானி நான். பட்லர் ஒரு மதுரைப் பையன், புரோகிராமர், கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவான். அவன் மேடையேறினால் கூரை பிய்த்துக்கொள்ளும் என்று நிச்சயமாக இருந்தேன்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் போன் செய்தான். “அக்கா, புராஜெக்ட் முடிஞ்சிருச்சு. மண்டே நியூ ஜெர்சில இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ரொம்ப சாரிக்கா.” பாவம், அவன் என்ன செய்வான்? நான்தான் போனை வைத்துவிட்டு அவன் கம்பெனியை வாய் வலிக்கத் திட்டினேன்.

அன்று மாலை ஒத்திகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒத்திகை நடந்தது டாக்டர் அங்கிள் வீட்டில். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் டாக்டர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வந்தவர். ஹூஸ்டன் பக்கம் வந்திறங்கிய தமிழர்களில் பாதிப் பேர் முதல் சாப்பாட்டை அவர் வீட்டில்தான் சாப்பிட்டிருப்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது, அபார்ட்மெண்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர்தான். அவர் ஒரு அறைக்குள் வந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சங்க விழாவில் முதல் பொன்னாடை அவருக்குத்தான். என் கதையோ இன்னும் மேலே. என் மகன் அவசரப்பட்டு ஏழாம் மாதமே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கிடந்தபோது, “பையன் கெட்டிக்காரன்மா, தப்பிச்சுருவான்” என்று என் தலையில் கை வைத்துச் சொன்னவர் அவர். சொன்னபடியே தப்பிக்கவும் வைத்தவர்.

அந்த டாக்டர் அங்கிள், ஒத்திகைக்காரர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தவர், கையில் வடிகட்டியோடு ஹாலுக்கு வந்து, “பட்லரா நான் நடிக்கறேனே” என்றார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“அங்கிள், உங்களை எப்படி... நீங்க ஜட்ஜ் வேஷம் வேணா...” என்று இழுத்தேன். நாடகத்தில் ஜட்ஜே கிடையாது.

அவர் வடிகட்டியோடு உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். டீயைக் கப்புகளில் ஊற்றியபடியே பேசினார். “உனக்கு ஆன்ட்டிய தெரியுமில்ல? நான் என்ன பேசினாலும் கிண்டல் பண்ணுவா. என் நடை, என் டை, நான் இங்கிலீஷ் பேசற அழகு, எல்லாத்தையும். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ரெண்டு வருஷத்துல என்னைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கலைம்மா. எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க. நான் ஜோக் சொன்னாக்கூட தலையாட்டிட்டு ‘ஆமா அங்கிள்’ங்கறாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா என்னைப் பார்த்து சிரிச்சா போதும்.”

“இந்த வேஷம் உங்களுக்குத்தான் அங்கிள்” என்றேன். சொல்லும்போதே, அவர் முன்னால் பிரபுக்கள் உட்காருவார்களா என்று பயம் வந்தது.

பயந்த மாதிரியேதான் ஆயிற்று. அவர் டிரேயுடன் நுழைவார். பிரபுக்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவரைக் கவனிக்காமல் சுருட்டுப் பிடிக்க வேண்டும். அவர் தலை தெரிந்ததுமே ஆறு பிரபுக்களும் தடதடவென்று எழுந்து நின்று சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். “உக்காருங்கய்யா!” என்று கத்துவேன். உட்காருவார்கள். அவர் மறுபடி நுழைவார். மறுபடி எழுந்துவிடுவார்கள். தடுக்கி விழுகிற காட்சியில் அவர் என்னவோ அழகாகத்தான் விழுந்தார். மூன்று பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பெரிய பிரபுவாக நடித்த திருநெல்வேலித் தம்பி, “அங்கிள், எங்கயாவது அடி பட்டுச்சா? தண்ணி கொண்டு வரவா?” என்று பதறினான்.

“பிரபு, நீ பட்லருக்குத் தண்ணி கொண்டு வரக்கூடாது!” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரியுதுக்கா. ஆனா கால் தானா எந்திரிக்குது. நான் இங்க வந்த புதுசுல மூணு மாசம் அங்கிள் வீட்லதான் இருந்தேன். அவர் நிக்கறப்போ நான் எப்படி உக்கார்றது?”

அடுத்த ஒத்திகையில் நானே துப்பட்டாக்களைக் கொண்டுபோய் ஆறு பிரபுக்களையும் இடுப்போடு நாற்காலியில் கட்டிப்போட்டேன். அங்கிள் நுழைந்தார். ஆறு பேரும் நாற்காலியோடு எழுந்தார்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு மெதுமெதுவாகச் சரியானார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் ஐந்து பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். திருநெல்வேலித் தம்பி மட்டும் அரை இன்ச் எழும்பி உட்காருவான்.

ஊரைத் திருத்திவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியபோதுதான் என் லட்சணம் தெரிந்தது. பூட்ஸ் காட்சி. டாக்டர் அங்கிள் என் முன்னால் மண்டியிட்டார். நான் காலை நீட்ட வேண்டும். நீட்ட முடியவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரின் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதா? கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். கால் அவர் முழங்கையில் பட்டது. அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்காமலே போய், அவர் முழங்கையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது. நம் வீடுகளில் யார்மேலாவது தெரியாமல் கால் பட்டால் செய்வோமே, அதே பழக்கம்.

“துரைசானி தொட்டுக் கும்பிட மாட்டாம்மா” என்றார் அங்கிள். அவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் எத்தனை தடவை ஒத்திகை பார்த்தோமோ, அத்தனை தடவையும் அதே கூத்து. கால் படும், கை போகும். நடுவில் தலையணை வைத்துப் பார்த்தோம். தலையணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டில் கணவரை மண்டியிட வைத்துப் பழகினேன். அவர்மேல் கால் பட்டபோது கை அசையவே இல்லை. “இதுல மட்டும் நல்லா தேறிட்ட” என்றார் அவர்.

இதற்கு நடுவே உடை வேட்டை. ஹாலோவீன் முடிந்த மறுநாள் கடைகளில் மிச்ச வேஷங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். டிராகுலா அங்கிகளை வாங்கிப் பிரபுக்களுக்குப் போட்டோம். சூனியக்காரித் தொப்பியின் கூம்பை வெட்டித் தட்டையாக ஒட்டினால் துரைத் தொப்பி. என் கவுன், யாரோ ஒரு அமெரிக்கப் பெண் பள்ளி டான்ஸுக்கு ஒரே ஒரு தடவை போட்டுப் பழைய துணிக் கடைக்குக் கொடுத்துவிட்ட ஊதா நிற ஜிகினா மலை. பட்லருக்கு வெள்ளைக் கையுறை வேண்டும் என்றேன். அங்கிள் தன் கிளினிக்கிலிருந்து ரப்பர் கையுறை ஒரு டப்பா கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டு அவர் டிரேயைத் தூக்கியபோது ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரிதான் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்த்துவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! அவர் வேண்டியது அந்தச் சிரிப்பைத்தானே!

விழா அன்று, வாடகைக்கு எடுத்த பள்ளி ஆடிட்டோரியத்தில் உட்கார இடமில்லை. பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் வரிசைக்கு முன்னால் அப்பாக்கள் வீடியோ கேமராக்களோடு ஒரு சுவரே எழுப்பியிருந்தார்கள். திரை விலகியது. டிராகுலா அங்கியோடு ஆறு பிரபுக்கள் கும்மியடித்துக்கொண்டு வந்ததுதான் தாமதம், அரங்கம் அதிர்ந்தது. இங்கேயே பிறந்த பிள்ளைகள்கூட நாற்காலியில் ஏறி நின்று கை தட்டினார்கள். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் எழுதிய வரிக்கு எழுநூறு பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள்! அந்த நிமிஷம் யாராவது என் விசாவைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போகச் சொல்லியிருந்தாலும் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

அப்புறம் பட்லர் நுழைந்தார். சிரிப்பு நின்றது. முதல் இரண்டு வரிசைகள் எழுந்து நின்றன.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து நின்றார்கள். யாரோ ஆரம்பித்து வைக்க, சபை முழுவதும் மரியாதையாகக் கை தட்டியது, பொன்னாடைக்குத் தட்டுவது மாதிரி. அங்கிள் தடுக்கி விழுந்தார். “ஐயோ” என்று ஒரு சத்தம் கேட்டது. சூப்பைப் பிரபுவின் தொப்பியில் ஊற்றினார். தொப்பி நனைந்த பிரபுவைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் பாடி முடித்தால் கை தட்டல். அவர் திரும்பி நின்றால் கை தட்டல். எனக்கு வந்த கோபத்துக்கு மேடையிலிருந்து குதித்து முதல் வரிசையை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

காட்சி மாறும் இடைவெளியில் திரைக்குப் பின்னால் வந்தார். ரப்பர் கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வெளுத்திருந்தன. “யாரும் சிரிக்கலையேம்மா” என்றார். கடைசியில் அவருக்கு இருந்தது பூட்ஸ் காட்சி ஒன்றுதான். அதன் பிறகு கோரஸ் பாட்டு, மங்களம்.

“இப்ப சிரிப்பாங்க அங்கிள். நான் காலை நல்லா நீட்டறேன் பாருங்க” என்றேன். என் பிள்ளைமேல் சத்தியம் செய்யாத குறைதான். இன்றைக்கு என் கை அசையாது, அசைந்தால் அதை வெட்டிப்போடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேடையேறினேன்.

நாற்காலியில் மகாராணிபோல் உட்கார்ந்தேன். அவர் வந்து மண்டியிட்டார். ஊதா கவுனை ஒரு கையால் தூக்கி, காலை அலட்சியமாக நீட்டி, அவர் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பூட்ஸை எடுக்க முன்னால் சாய்ந்தார். என் பெருவிரல் அவர் கோட்டுப் பொத்தானில் பட்டது.

கை போய்விட்டது. இரண்டு கையும். துரைசானி நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, பட்லரின் தோளைத் தொட்டு, பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செத்தேன் என்று நினைத்தேன். அவருடைய கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மண்டியிட்டபடியே, கையிலிருந்த பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டிய வலது கையை மெதுவாக உயர்த்தி என் தலைக்கு மேல் வைத்து, கோயில் குருக்கள் குரலில் இழுத்துச் சொன்னார்:

“தீர்க்க சுமங்கலியா இரு. ஆனா பூட்ஸை நீயே மாட்டிக்கோ.”

அப்புறம் வெடித்தது. பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைவரை வந்தது சிரிப்பு. வீடியோ கேமராக்கள் ஆடின. அவர் அதோடு விட்டாரா? செய்த குற்றம் அப்போதுதான் உறைத்த பட்லர்போல் நடுங்கி எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பூட்ஸோடு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். பிரபுக்கள் ஆறு பேரும் அதுதான் புது ஃபேஷன் என்று அவர் பின்னால் வரிசையாக நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். எழுதியவள் நான், இப்படி ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை! திருநெல்வேலித் தம்பி சிரித்துச் சிரித்து ஒரு தோப்புக்கரணத்திலிருந்து எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதல் வரிசையில் எழுந்து நின்ற அதே பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து கிடந்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை என்னால் பாட்டை எடுக்க முடியவில்லை. எடுக்கவும் மனசில்லை.

நாடகம் முடிந்து, கஃபெட்டீரியாவில் சாப்பாட்டு வரிசை. வழக்கமாக டாக்டர் அங்கிள் வரிசையில் நின்றதே கிடையாது. யாராவது தட்டை நிரப்பி அவர் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அன்று அவர் பட்லர் கோட்டையும் கையுறையையும் கழற்றாமல், காகிதத் தட்டை வாங்கிக்கொண்டு தானாகவே வரிசையில் நின்றார். நான் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றேன். இன்னும் ஒருவரும் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

பரிமாறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எங்கள் நாடகத்துக்குக் கீபோர்டு வாசித்தவள். அங்கிள் பாத்திரத்தருகே வந்து தட்டை நீட்டியதும் அவள் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பட்லருக்கெல்லாம் கடைசிப் பந்தி. பிரபுக்கள் சாப்பிடட்டும், அப்பறம் வாங்க!” என்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து திருநெல்வேலித் தம்பி, “யோவ் பட்லர், வழி விடுய்யா, பசி உயிர் போவுது!” என்று அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனான். வரிசையில் அடுத்தவரும் இடித்தார். அதற்கடுத்தவர் அவர் தட்டிலேயே தன் கைக்குட்டையை வைத்து, “இதைத் துவைச்சு வை” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது.

அங்கிள் சுவரோரம் ஒதுங்கி, கைக்குட்டை கிடந்த தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. நான் பதறிப்போய் வரிசையை விட்டு ஓடினேன். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ரப்பர் கையுறையால் துடைக்கப் பார்த்தார், அது துடைக்கவில்லை, வழித்துக்கொண்டுதான் போனது. என்னைப் பார்த்ததும் வரிசையைக் கை காட்டினார்.

“பாத்தியா, அந்தப் பய என்னை ‘யோவ்’ங்கறான்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.